நாற்பத்தொரு பெட்டியும் எதிர்வரிசை வீடும்

1988 பிப்ரவரி 7: அளவுகள் 186.
பிப்ரவரி 21: பொருள்கள் 1,127.
மார்ச் 5: பெட்டிகள் 41. கயிறு 90 மீட்டர்.
மார்ச் 12: வண்டி நடை 9. கூலி 135.
மார்ச் 13: வண்டி நடை 7. கூலி 105.
மார்ச் 14: உடைந்தது 1. காணாமல் போனது 0.
மார்ச் 30: வைத்துவிட்டுப் போன தண்ணீர் 1 ஜக்கு. திரும்பி வந்தபோது 1 ஜக்கு.

இவை சீட்டக்காவின் நோட்டில் உள்ள வரிகள். வீடு மாறியவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் ஒரு டீஸ்பூனைக்கூட விடாமல் எண்ணி, எழுதி, சீட்டுக் கட்டி, அறுபது அடி தள்ளியிருக்கும் எதிர்வரிசைக்குக் குடிபோனவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அது அவருக்குத் தொழில் கொடுத்த பழக்கம். பேருந்துப் பணிமனையின் பின்பக்கத்தில், டயர் கிடங்குக்கும் கேன்டீனுக்கும் நடுவே ஓர் அறை இருந்தது. வாசலில் ‘தவறவிட்ட பொருள்கள்’ என்று பலகை. பயணிகள் வண்டியில் மறந்து விட்டுப்போனதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். 1961 முதல் அந்த அறைக்குச் சீட்டக்காதான் பொறுப்பு. எது வந்தாலும் முதலில் ஓர் அட்டைச் சீட்டு கட்டுவார். எண், தேதி, எந்த வண்டி, எந்த இருக்கை, என்ன நிலை. குடை, கைப்பை, ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, ஒரு தடவை உயிரோடு ஒரு வாத்து. வாத்துக்கும் சீட்டுக் கட்டினார். கழுத்தில் கட்டாமல் கூடையில் கட்டினார் என்பது அவருடைய நிதானத்துக்குச் சான்று. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சீட்டக்கா, சீட்டக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அவருடைய கணவரைக் குடியிருப்பில் தபாலய்யா என்பார்கள். அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரித்தவர். இருபத்திரண்டு வருட வேலைக்குப் பிறகு கண் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் பார்வையின் ஓரங்கள் போயின, பிறகு மாலை வெளிச்சம் போயிற்று, கடைசியாக முகங்கள். 1979இல் வேலையை விட்டார். பிள்ளைகள் இல்லை. காலை எட்டு மணிக்குச் சீட்டக்கா பணிமனைக்குக் கிளம்பினால் மாலை நாலரை வரை தபாலய்யா வீட்டில் தனியாகத்தான் இருப்பார்.

இருந்தார் என்பதைவிட ஆண்டார் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் இருந்த அந்தப் பழைய வீட்டில் அவர்கள் இருபத்தொன்பது வருடம் குடியிருந்தார்கள். இருபது வருடம் கண்ணால் பார்த்த வீடு, ஒன்பது வருடம் கையால் பார்த்த வீடு. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு பேருக்கும் டீ போடுவது தபாலய்யாதான். துணி துவைத்து, பிழிந்து, மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தி, மழை வாசனை வந்தால் ஓடிப்போய் எடுத்து வருவதும் அவர்தான். அறுந்த பட்டனை அவரே தைத்துக்கொள்வார். ஊசியில் நூல் கோப்பது மட்டும் சீட்டக்கா. ஒரு வாரத்துக்கு வேண்டிய ஊசிகளை ஞாயிற்றுக்கிழமையே கோத்து வைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த குடித்தனக்காரருக்குத் தபாலய்யாவுக்குக் கண் தெரியாது என்பதே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வீட்டில் தபாலய்யா கண் தெரியாதவர் அல்ல, கண்ணை உபயோகிக்காதவர், அவ்வளவுதான்.

பிறகு ஏன் வீடு மாறினார்கள்? படிகள். ஐம்பத்துநாலு படி. முந்தின வருட மழையில் ஈரப்படி ஒன்றில் தபாலய்யாவுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்த சீட்டக்காவுக்கு அந்தக் கணம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. எதிர்வரிசைக் கட்டடத்தில் தரைத்தள வீடு ஒன்று காலியானதும் அன்று மாலையே போய்ப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

“கீழ் வீடுங்க. படியே கிடையாது. வாசல் தாண்டினா தெரு.”

“சரி” என்றார் தபாலய்யா. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு கட்டடமும் ஒரே ஆள் கட்டியவை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு நடுச்சுவர், அதன் இரண்டு பக்கமும் ஒட்டிப் பிறந்த இரட்டைபோல இரண்டு வீடுகள். பழைய வீடு இடப்பக்க வீடு. புதியது வலப்பக்க வீடு. அறைகளின் நீளம் அகலம் ஒன்றுதான், ஜன்னல் ஒன்றுதான், சமையல் மேடையின் உயரம்கூட ஒன்றுதான். திசை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறியிருக்கும். பிப்ரவரி 7ஆம் தேதி அளவு நாடாவோடு உட்கார்ந்த சீட்டக்கா நூற்றெண்பத்தாறு அளவுகளை எடுத்தார். கதவிலிருந்து கட்டில் எத்தனை சென்டிமீட்டர், அடுப்பிலிருந்து டீத்தூள் டப்பா எத்தனை, குளியலறைக் கொக்கி தரையிலிருந்து எத்தனை. எல்லாம் எழுதி முடித்துக் கீழே ஒரு குறிப்பு போட்டார்: ‘இடம் வலமாகும். மற்றபடி அதே.’

அந்த ஒரு வரியை அவர் பிறகு பலமுறை திரும்பப் படிக்க நேர்ந்தது.

மாற்றும் நாளில் தபாலய்யா வீட்டில் இருக்க வேண்டாம் என்றும் சீட்டக்காவே முடிவு செய்தார். பெட்டியும் கயிறுமாகக் கிடக்கும் வீட்டில் தட்டுத் தடுமாறுவானேன்? அரைநாள் ரயில் பயணத்தில் தபாலய்யாவின் தங்கை வீடு. அவர் பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். மார்ச் 11ஆம் தேதி அவரை அங்கே அனுப்பிவிட்டு, மறுநாள் காலை தள்ளுவண்டிக்காரரை வரச்சொன்னார்.

வண்டிக்காரர் மூன்றாம் மாடி ஏறி வந்து நாற்பத்தொரு பெட்டியையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அட்டைச் சீட்டு. ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு கரண்டியிலும் சீட்டு.

“அக்கா, வெளிநாட்டுக்கா போறீங்க?”

“எதிர்ல. அதோ, பச்சைக் கதவு.”

வண்டிக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “இதுக்கு நான் எதுக்குக்கா? இங்கேருந்து தூக்கிப் போட்டாலே அங்க விழுமே.”

“பக்கம்தானேன்னு நினைச்சாத்தான் சாமான் தொலையும். தூரமா போறவன் எண்ணி எடுத்துட்டுப் போவான். பக்கத்துல போறவன் கையில கிடைச்சதை எடுத்துட்டுப் போவான். எங்க ரூமுக்கு வர்றதெல்லாம் ரெண்டு ஸ்டாப் போனவங்க சாமான்தான்.”

“எனக்கும் ஒரு சீட்டு கட்டிடாதீங்க. வீட்டுக்காரி தேடுவா.”

“நீங்க ஒரு இடத்துல நின்னாத்தானே கட்ட முடியும்? முதல்ல பதினேழாம் நம்பரைத் தூக்குங்க.”

இரண்டு நாளில் பதினாறு நடை. மூன்றாம் நாள் சீட்டக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு, நோட்டைத் தரையில் விரித்து வைத்து, நாடாவும் கையுமாக எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தார். ஒரு ஜாடி மூடி மட்டும் உடைந்தது. மற்ற எதுவும் அரை சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. வாசலில் நின்று பார்த்தபோது சீட்டக்காவுக்கே சந்தேகம் வந்தது, வீட்டை மாற்றினோமா, வெறுமனே திருப்பி வைத்தோமா என்று.

மார்ச் 20, ஞாயிறு. தங்கையின் கணவர் தபாலய்யாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பினார். சீட்டக்கா கணவரின் கையைப் பிடித்து ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனார். அவர் குரலில் இருந்த பெருமையைத் தபாலய்யா கேட்காமல் இல்லை.

“வாசல்லேருந்து சமையலறை எட்டு நடை. அங்க எப்படியோ அப்படியே. அடுப்பு, டீத்தூள், சர்க்கரை, எல்லாம் அதே தூரம். இடது கைப்பக்கம் இருந்தது வலது கைப்பக்கம், அது ஒண்ணுதான். பத்து நாள்ல பழகிடும்.”

“ம்.”

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நல்லா வச்சிருக்கே.”

மறுநாள் விடியற்காலை சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுச் சீட்டக்கா ஓடினார். தபாலய்யாவின் கை, முப்பது வருடமாகப் பாத்திரத்தின் பிடி இருந்த பக்கம் போயிருக்கிறது. அங்கே பிடி இல்லை. கொதிக்கும் தண்ணீர் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. பெரிய காயம் இல்லை. குளிர்ந்த நீரில் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே சீட்டக்கா சொன்னார்: “விடுங்க, இனிமே நானே போட்டுக்கறேன். நீங்க பேசாம உக்காருங்க.”

பதைப்பில் சொன்ன வார்த்தை. தபாலய்யா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பேசாமல் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே நாற்காலி. எட்டு மணிக்கு விட்டுப்போன இடத்திலேயே நாலரைக்கும் இருந்தார். சாப்பாட்டைப் பக்கத்து ஸ்டூலில் மூடி வைத்துவிட்டுப் போனால் பாதி சாப்பிட்டிருப்பார். ஒரு நாள் சீட்டக்கா ஜக்கைத் தூக்கிப் பார்த்தார். விளிம்புவரை தண்ணீர் அப்படியே இருந்தது.

“தண்ணிகூடக் குடிக்கலையா?”

“குடிச்சா அப்புறம் பாத்ரூம் போகணும்.”

சீட்டக்காவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஒழுங்கு. எனவே இன்னும் ஒழுங்கு செய்தார். கட்டிலிலிருந்து குளியலறை வரை கயிறு கட்டினார். டப்பாக்களின் மேல் பட்டன்கள் ஒட்டினார். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டீத்தூளுக்கு மூன்று.

தபாலய்யா விரலால் பட்டன்களைத் தடவினார். “இதெல்லாம் எதுக்கு?”

“எது எதுன்னு தெரியறதுக்கு.”

“சர்க்கரை டப்பாவைத் திறந்தா எனக்குச் சர்க்கரைன்னு தெரியாதா? கண்ணுதான் போச்சு. மூக்கு, நாக்கு எல்லாம் இன்னும் வாடகை கொடுத்துட்டுத்தான் இருக்கு.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2ஆம் தேதி தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. சீட்டக்கா அதை உரக்க வாசித்தார்.

‘அண்ணிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் அண்ணா கையைச் சுட்டுக்கொண்டதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் தனியாக எப்படி இருப்பார்? நீங்கள் ஓய்வு பெறும்வரை இங்கே அனுப்பிவிடுங்கள். இது அவர் தவழ்ந்த வீடு. எந்தச் செங்கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இங்கே பத்து நாள் இருந்தபோது தோட்டத்துக் குழாயைக்கூட அவர்தான் சரிசெய்து கொடுத்தார்.’

இந்தக் கடைசி வரியைச் சீட்டக்கா விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் இருபத்தேழு வருடத்தில் அடுத்தவர் பொருளில் ஒரு குண்டூசியைக் குறைத்துக் கொடுத்து அவருக்குப் பழக்கம் இல்லை. குழாயை விடாமல் வாசித்தார்.

சீட்டக்கா ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் நாலு மாதம் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை தபாலய்யா, “பேப்பர் எடு, எழுது” என்றார். “அன்புள்ள தங்கச்சிக்கு. 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு வருகிறேன். அண்ணி ரிட்டையர் ஆகும்வரை அங்கேயே இருக்கிறேன்.”

சீட்டக்காவின் பேனா நின்றது. “‘வரட்டுமா’ன்னு கேட்டு எழுதலாமே?”

“‘வருகிறேன்’னே எழுது.”

“நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?”

“நீ என்ன தப்புப் பேசினே? வேலைக்குப் போறவ, வந்து சமைக்கிறவ, ராத்திரி என் கைக்கு மருந்து போடறவ. நான் இங்க என்ன பண்றேன்? உன் ரூம்ல யாரும் தேடி வராத குடை மாதிரி உக்காந்திருக்கேன். ஒரு சீட்டு கட்டி வச்சிடு, அதுதான் பாக்கி.”

சீட்டக்கா எழுதினார். எழுத்து கோணவில்லை, மை கசியவில்லை. மறுநாள் பணிமனைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டார். போடாமல் இருந்திருக்கலாமே என்று பின்னால் சிலர் கேட்டபோது, “அவர் கடிதம், நான் எப்படி வச்சுக்கறது?” என்று திருப்பிக் கேட்டார்.

ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. தவறவிட்ட பொருள்கள் அறைக்குக் குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார். முந்தின நாள் வண்டியில் அவர் விட்டுப்போன கருவிப் பை அறைக்கு வந்திருந்தது. விதிப்படி சீட்டக்கா பையைக் கொட்டி, எல்லாவற்றையும் எண்ணி எழுதி, துடைத்து, பெரியது அடியில் சின்னது மேலே என்று அழகாக அடுக்கியிருந்தார். அப்படியொரு ஒழுங்கு அந்தப் பைக்கு வாய்த்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

ரிப்பேர்காரர் பையை வாங்கி, எங்கோ பார்த்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். கை வெறுமனே வெளியே வந்தது. மறுபடி விட்டார். முகம் சுருங்கியது.

“அம்மா, யாரோ பையைக் கலைச்சிருக்காங்க.”

சீட்டக்காவுக்குச் சுருக்கென்றது. “கலைக்கறதா? முப்பத்தொரு சாமான். எண்ணிப் பாருங்க, ஒண்ணு குறையாது.”

“குறையலம்மா, எல்லாம் இருக்கு. ஆனா இருக்கறது வேற, கைக்கு வர்றது வேற. நான் தொட்டிக்கு அடியில மல்லாந்து படுத்திருப்பேன், மூஞ்சில தண்ணி அடிச்சிட்டிருக்கும். அப்ப கையை நீட்டினா ஸ்பேனர் தானா வரணும். தேடினா நான் குளிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும்.”

சொல்லிக்கொண்டே அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பையை மொத்தமாகக் கொட்டினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். சீட்டக்கா கண்ணுக்கு அதில் ஒரு முறையும் தெரியவில்லை. பெரிய ரெஞ்சுக்குப் பக்கத்தில் நூல்கண்டு, நூல்கண்டுக்கு அடியில் ரம்பம், அதற்கு மேல் ஒரு பழைய துணி. பாதி வேலையில் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் வைத்தார். வைத்து முடித்துக் கையை விட்டார். ஸ்பேனர் வந்தது.

“உங்க மேல தப்பு இல்லம்மா. அழகாத்தான் அடுக்கியிருக்கீங்க. என் கையைக் கேக்காம அடுக்கிட்டீங்க, அவ்வளவுதான்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். சீட்டக்கா பதிவேட்டை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டுவந்த கேன்டீன்காரர், “என்னக்கா, கணக்குல ஏதாவது இடிக்குதா?” என்றார். “எல்லாம் சரியா இருக்கு. அதான் இடிக்குது” என்றார் சீட்டக்கா.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. காலை பத்து மணிக்கு நாற்காலியில் இருந்த தபாலய்யா காதைத் தீட்டிக்கொண்டார். சமையலறையில் டப்பாக்கள் இறங்கும் சத்தம். அலமாரிக் கதவுகள். அட்டைப்பெட்டி தரையில் உரசும் சத்தம்.

“என்ன பண்றே?”

“கட்டறேன்.”

அவர் குரல் தணிந்தது. “இன்னும் எட்டு நாள் இருக்கே. நாலு சட்டைதானே, கடைசில கட்டிக்கலாம்.”

“உங்க சட்டையைக் கட்டல. வீட்டையே கட்டறேன்.”

இரண்டு மணி நேரத்தில் எல்லாமே பெட்டிகளுக்குள் போய்விட்டன. அலமாரிகள் காலி, கொக்கிகள் காலி. கயிற்றையும் அவிழ்த்தாயிற்று. அதற்குப் பிறகு சீட்டக்கா செய்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே கடினமான காரியமாக இருக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு பொருளிலிருந்தும் சீட்டை வெட்டினார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சீட்டுகள். ஒரு வாளி நிறைந்து வழிந்தது.

“எழுந்திருங்க” என்றார். “நான் வச்சது எதுவும் இப்ப இடத்துல இல்ல. நீங்க பிரிங்க. உங்க ஆபீஸ்ல எப்படிப் பிரிச்சீங்களோ அப்படி.”

“விளையாடறியா?”

“நான் என்னைக்கு விளையாடியிருக்கேன்?”

அது உண்மைதான். தபாலய்யா மெல்ல எழுந்தார். முதலில் அவர் ஒரு பொருளையும் தொடவில்லை. காலி வீட்டைச் சுற்றி வந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மூலைகளில் நின்று, விரலால் அலமாரியைத் தட்டி, தொண்டையைக் கனைத்து அறையின் எதிரொலியைக் கேட்டு, இரண்டு சுற்று. பழைய வீட்டை நினைத்துக்கொண்டு அதைத் திருப்பிப் பார்க்கும் வேலை அதில் இல்லை. இது வேறொரு வீடு என்று கைக்கு அறிமுகம் செய்துவைத்தார். பிறகு, “முதல் பெட்டியைக் கொண்டா” என்றார்.

கடிதம் பிரிப்பவர்கள் பெயர் வரிசையில் பிரிப்பதில்லை, அளவு பார்த்தும் பிரிப்பதில்லை. தபால்காரர் நடக்கும் வழிக்கு ‘பீட்’ என்று பெயர். அவர் முதலில் நிற்கும் வாசலின் கடிதம் கட்டுக்குள் முதலில், அடுத்த வாசல் அடுத்து. தபாலய்யா வீட்டையும் அப்படித்தான் பிரித்தார். ஒரு நாள் எந்த வழியாக நடக்கிறதோ அந்த வழியில் பொருள்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பல்துலக்கி, குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டு, டீத்தூளின் தோளில் சர்க்கரை, அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ரேடியோ.

சீட்டக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, சீப்பை எதுக்கு டீ டப்பா பக்கத்துல வைக்கிறீங்க?”

“நீ எங்க தலை சீவறே?”

“கண்ணாடி முன்னாடி.”

“கண்ணாடி முன்னாடி ரெண்டு இழுப்பு. மீதியெல்லாம் டீ ஆறுறவரைக்கும் அடுப்படியில நின்னுட்டு. முப்பது வருஷமா கேக்கறேன்.”

அடுத்துச் சீட்டக்காவின் பணிமனைச் சாவிக்கொத்து அடுப்புக்கு மேலே இருந்த கொக்கிக்குப் போனது.

“சாவி வாசல்லதானே இருக்கணும்!”

“நீ செருப்புப் போட்டுட்டு, அடுப்பை அணைச்சோமான்னு ஒரு தடவை திரும்பி வருவே. ஒரு நாள் தவறினதில்ல. அங்க இருந்தா அப்ப எடுத்துக்கலாம். வாசல்ல இருந்தா, மறந்துட்டு மறுபடி உள்ள வருவே. அதனாலதான் தினம் பஸ்ஸைப் பிடிக்க ஓடறே.”

சீட்டக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் மறந்த பொருளையெல்லாம் எழுதி வைத்தவர் அவர். அவர் நடந்த நடையையெல்லாம் இன்னொருவர் எழுதாமலே வைத்திருந்தார்.

“என்ன, சத்தத்தைக் காணோம்?” என்றார் தபாலய்யா.

“முட்டி வலிக்குது, உக்காந்துட்டேன்.”

“அதான் கீழ் வீட்டுக்கு வந்தாச்சே, இன்னுமா? உன் முட்டிக்காகத்தானே நான் சரின்னு சொன்னேன். எனக்கு அந்தப் படியெல்லாம் ஒரு கணக்கே இல்ல.”

“என் முட்டிக்கா? நீங்க விழுந்துடுவீங்கன்னுதான் நான் இந்த வீட்டையே பார்த்தேன்.”

தபாலய்யா கையில் ஒரு கரண்டியோடு நின்றார். “அப்ப யாருக்காக நாம கீழ இறங்கி வந்தோம்?”

முதலில் சிரித்தது யார் என்று இரண்டு பேருக்குமே பிறகு நினைவில்லை. குடிவந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரித்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் தபாலய்யா எழுந்து போகும் சத்தம் கேட்டது. சீட்டக்கா விழித்துக்கொண்டார். எழுந்து போகக் கால் துடித்தது. போர்வையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அடுப்பு பற்றும் சத்தம். தண்ணீர். கரண்டி. ஓர் இடைவெளி. பிறகு ரேடியோ மெல்லப் பாடத் தொடங்கியது. காலடிகள் கட்டிலருகே வந்தன.

“முழிச்சுட்டுத்தானே இருக்கே? எழுந்திரு, ஆறிடும்.”

சர்க்கரை சற்றுத் தூக்கலாக இருந்தது. சீட்டக்கா அதைச் சொல்லவில்லை.

ஆனால் 24ஆம் தேதி அப்படியே நின்றது. தபாலய்யா அதைப் பற்றிப் பேசவில்லை, சீட்டக்காவும் கேட்கவில்லை. கேட்டால் ‘போகிறேன்’ என்று வந்துவிடுமோ என்ற பயம். அவர் கடிதம், அவர் முடிவு. செவ்வாய்க்கிழமை தங்கையின் பதில் வந்தது. ‘அண்ணாவுக்குப் புதுக் கட்டில் வாங்கியாயிற்று. அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஞாயிறன்று உங்கள் மாப்பிள்ளை ஸ்டேஷனில் நிற்பார்.’ சீட்டக்கா ஒரு சொல் விடாமல் வாசித்துவிட்டு, கடிதத்தை மடித்துவிட்டு, பழைய புடவையை விரித்துத் தலையணை உறைக்கு வெட்டலாம் என்று எழுந்தார்.

“ஏங்க, கத்தரிக்கோல் எங்கே?”

“நீயே கண்டுபிடி.”

தையல் பெட்டியில் இல்லை. மேசையில் இல்லை. சமையலறையில் இல்லை. எட்டு நிமிடம் தேடினார். இருபத்தேழு வருடம் ஊரார் சாமானைத் தேடிக் கொடுத்தவர் தன் வீட்டு நடுவில் திருதிருவென்று நின்றார்.

“வாசல் கதவுக்குப் பின்னாடி ஆணியில” என்றார் தபாலய்யா. “தபால் வந்தா உறையை வெட்ட அங்கதானே வேணும்? சரி, உக்காரு. பேப்பர் எடு.”

சீட்டக்கா உட்கார்ந்தார்.

“எழுது. அன்புள்ள தங்கச்சிக்கு. நான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நீ பட்ட சிரமத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே உன் அண்ணிக்குக் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது.”

சீட்டக்கா கடைசி வரியை எழுதி முடிக்கும்போது மை ஓரிடத்தில் கரைந்து பரவியது. திருத்தி எழுதட்டுமா என்று கேட்டார்.

“எதுக்கு?”

“ஒரு எழுத்து அழிஞ்சிருக்கு.”

“இருக்கட்டும். அவளுக்குப் புரியும்.”

தங்கை அதற்குப் பதில் எழுதினார். புதுக் கட்டிலைப் பக்கத்து வீட்டுக்கு விற்றுவிட்டதாகவும், அண்ணியை அண்ணா நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், இனிமேல் கூப்பிட்டு எழுதப்போவதில்லை, பார்க்க வேண்டும்போல இருந்தால் தானே வந்து நிற்பதாகவும் எழுதியிருந்தார். சீட்டக்கா பணிமனையில் இருந்த நேரம். தபால்காரர் பச்சைக் கதவைத் தட்டினார். தபாலய்யா எட்டு நடையில் வந்து கதவைத் திறந்து, உறையைக் கையில் வாங்கிக்கொண்டார். இந்த விஷயமாக வந்த கடைசிக் கடிதம் அதுதான். வந்த தேதி 1988 மே 3, செவ்வாய்க்கிழமை.